சுவரில் இருக்கும் தொலைபேசியைக் கழற்றாதீர்கள்: எங்கள் பொதுப் பட்டறையின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் படித்தேன். பட்டறையில் உள்ள ஆறு இணையத் தொலைபேசிகளையும் (தொலைபேசிக் கம்பிக்குப் பதிலாக இணைய இணைப்பு வழியே பேசுபவை) இந்த மாதக் கடைசிக்குள் கழற்றிவிடுவது, வெளியார் பட்டறையை அழைக்கும் வெளி எண்ணைத் திருப்பி ஒப்படைப்பது, செயலாளரின் கைபேசி எண்ணை வாசல் கதவில் எழுதிவைப்பது, உறுப்பினர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். காரணம் ஒரே வரியில் இருக்கிறது: “இப்போது எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது.”

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தொலைபேசிகளை மாட்டியவன் நான். அந்த வருத்தத்தில் எழுதுகிறான் என்று நினைப்பவர்கள், முழுவதையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

அதே பலகையில் உங்கள் தீர்மானத்துக்கு ஒரு சாண் மேலே நீங்களே ஒட்டிய பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. நான்காவது விதி: இயந்திரப் பகுதிக்குள் கைபேசி கூடாது, வாசல் பக்கம் உள்ள பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். சரியான விதி. லேத்தில் இரும்பைப் பிடித்திருக்கும் சக்கு சுற்றிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் ஒரு கைபேசி அதிர்ந்து, கவனம் ஒரு நொடி பிசகினால் போதும், விரல் போய்விடும். அந்த விதிக்கு நானும் கை தூக்கினேன். உள்ளே சுவரில் தொலைபேசி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் எல்லோரும் அன்று கை தூக்கினோம். இப்போது கைபேசியை வாசலில் விடச் சொல்லும் விதி அப்படியே இருக்கிறது. சுவரில் இருப்பதை மட்டும் கழற்றப்போகிறீர்கள். இயந்திரங்களுக்கு நடுவே நிற்பவர் எதைக் கொண்டு யாரைக் கூப்பிடுவார்?

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நடந்ததை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அருகில் இருந்தவன் என்ற முறையில் முழுதாகச் சொல்கிறேன். மதியம் மூன்று மணி. கொட்டகையில் நாங்கள் மூன்றே பேர். வெல்டிங் மேசையில் ஆங்கிள் கிரைண்டர் பிடித்திருந்த தம்பியின் வெட்டுச் சக்கரம் உடைந்து தெறித்து, இடது முன்கையைக் கிழித்துவிட்டது. நான் மரவேலைப் பகுதியிலிருந்து ஓடிவந்து துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தேன். என் இரண்டு கைகளும் அங்கே மாட்டிக்கொண்டன. மூன்றாவது ஆள், சேர்ந்து ஒன்பது நாட்களே ஆன ஒரு பயிற்சிப் பெண். அவருடைய கைபேசி வாசல் பெட்டியில் இருந்தது. பெட்டியின் சாவி, தையல் பகுதியில் அவர் கழற்றி வைத்திருந்த பையில் இருந்தது. என் கைபேசியும் பெட்டிக்குள்தான். அதை எடுத்து வந்தாலும் என் விரல் இல்லாமல் திறக்காது. விரல் முழுக்க ரத்தம்.

சுவரில் இருந்த சிவப்புத் தொலைபேசியைத் தலையால் காட்டினேன். அவர் ஓடிப்போய் எடுத்து 108 அழுத்தினார். பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையில் உள்ள முகவரியை, “கணபதி பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிச் சந்து, நீல நிறக் கதவு” என்று அப்படியே படித்தார். ஆம்புலன்ஸ் நேராக நீலக் கதவுக்கு வந்து நின்றது. தம்பிக்குப் பதினொரு தையல். இன்று அதே கையால் வெல்டிங் வைக்கிறார்.

அந்தத் தொலைபேசி யாருடையது? என்னுடையதும் இல்லை, அந்தப் பெண்ணுடையதும் இல்லை. அதற்குப் பூட்டு இல்லை, கடவுச்சொல் இல்லை, சார்ஜ் போடத் தேவையில்லை. ஒன்பது நாள் உறுப்பினரும் ஒன்பது ஆண்டு உறுப்பினரும் ஒரே உரிமையோடு எடுக்கலாம். பொதுப் பட்டறையில் வைஸும் பெஞ்சும் தீயணைப்பானும் எப்படி இடத்துக்குச் சொந்தமோ, அப்படி இடத்துக்குச் சொந்தமான தொலைபேசி அது. எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது என்ற வாக்கியம், எல்லோரிடமும் வீட்டில் ஒரு சுத்தியல் இருக்கிறது என்பதைப் போன்றது. அதற்காக நாம் பட்டறைச் சுத்தியல்களை எடைக்குப் போட்டுவிடவில்லை.

அந்த முகவரி அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அசிங்கமாக இருக்கிறது என்று ஒருமுறை கிழித்துப் போட்டீர்கள். நான் மறுபடி ஒட்டினேன். காரணம் இருக்கிறது. கைபேசி என்றால் அது எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்று தோராயமாகவாவது தெரியும். பழைய செப்புக்கம்பித் தொலைபேசி எந்த வீட்டில் முடிகிறது என்பது இணைப்பகப் பதிவேட்டில் இருக்கும். இணையத் தொலைபேசிக்கு அப்படி ஒட்டிக்கொண்ட இடம் கிடையாது. இதே கருவியைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சேலத்தில் வேறோர் இணைய இணைப்பில் செருகினாலும், நாம் அனுமதித்தால், இதே எண்ணில் பேசலாம். ஆகவே மறுமுனையில் இருப்பவருக்கு இடத்தை நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும் என்பதால்தான் அட்டை.

அந்தப் பெண் 108 என்ற மூன்று இலக்கங்களை மட்டும் அழுத்தினார் என்பதையும் கவனியுங்கள். முதலில் நான் அமைத்தபோது வெளியே பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அலுவலக இன்டர்காம்களில் பழகிய கை. பிறகு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்தேன். 2013 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் என்ற ஊரில், ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறையில் இருந்த தொலைபேசியில் அவசர எண்ணான 911-ஐ நான்கு முறை அழுத்தியிருக்கிறாள். அந்த விடுதியில் வெளி அழைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அழைப்பு வெளியே போகவே இல்லை. கேரியின் தந்தை விடாமல் போராடியதால் 2018-ல் கேரியின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு அந்த நாட்டில் புதிதாக நிறுவும் அலுவலக, விடுதித் தொலைபேசி அமைப்புகளில் முன் எண் எதுவும் இல்லாமல் 911 நேராகப் போயாக வேண்டும்.

படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டறைக்கு வந்து எண்களின் ஒழுங்கை மாற்றினேன். 108, 112, 101 மூன்றும் எந்தத் தொலைபேசியிலிருந்தும் நேராகப் போகும். பழக்கத்தில் யாராவது முன்னால் 0 சேர்த்தாலும் போகும். நீங்கள் கழற்றச் சொல்லும் பெட்டிக்குள் இருப்பவற்றில் இதுவும் ஒன்று.

நான் 1988-ல் தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்தவன். பிறகு அது பிஎஸ்என்எல் ஆனது. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வந்த ஏறத்தாழ 78,000 பேரில் நானும் ஒருவன். அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் வடிவமைத்த 128 இணைப்புக் கிராம இணைப்பகங்களுக்குக் கம்பி இழுத்திருக்கிறேன். குளிர்சாதனம் இல்லாமல் நம் வெயிலையும் புழுதியையும் தாங்க வேண்டும் என்றே செய்த பெட்டிகள் அவை. முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. அப்படி ஒரு பெட்டி ஊருக்கு வந்த நாளில் ஊர்ப் பெரியவர்கள் அதற்குப் பொட்டு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பெட்டி செய்த வேலையை, நம் பட்டறையின் மாடிப்படிக்குக் கீழே ராஸ்ப்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கணினிப் பலகை ஒன்று செய்துகொண்டிருக்கிறது.

அதில் ஓடுவது ஆஸ்டெரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள். 1999-ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி அமைப்பு வாங்கப் பணம் போதாமல் தானே எழுதத் தொடங்கியது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். ஆளுக்கு ஒரு லேத் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து ஒரு லேத் வாங்கிய இடம் நம் பட்டறை. இதைவிடப் பொருத்தமான மென்பொருள் நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து ஐந்து மேசைத் தொலைபேசிகளைப் பழைய பொருள் விலைக்கு வாங்கினோம். ஆறாவது என் வீட்டுப் பரணில் கிடந்த பொத்தான் தொலைபேசி. ஒரு சிறு அடாப்டர் வைத்து அதையும் சேர்த்தேன். பெயின்ட் அடிக்கும் அறையில் இருக்கிறதே, அதுதான். பலகை, தொலைபேசிகளை அதோடு இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி, கேபிள் எல்லாம் சேர்த்து 17,000 ரூபாயைத் தாண்டவில்லை. அதில் பாதி உறுப்பினர்களின் நன்கொடை. மாதச் செலவு வெளி எண்ணுக்கும் அழைப்புகளுக்குமாகச் சேர்ந்து 500 ரூபாய்க்குள். நம் தேநீர்க் கணக்கு அதைவிடப் பெரிது.

வெளி எண்ணை உரிமம் பெற்ற நிறுவனத்திடம், பட்டறையின் பெயரில், ஆவணம் கொடுத்து முறைப்படி வாங்கினோம். உரிமம் உள்ள நிறுவனங்கள் இணையத் தொலைபேசிச் சேவை தரத் தொலைத்தொடர்புத் துறை 2018-ல் தெளிவாக வழிவிட்டிருக்கிறது. குழுவில் ஒருவர், நான்கு சிம் கார்டு செருகும் பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டால் இன்னும் மலிவு என்றார். அப்படிப்பட்ட பெட்டிகளைக் கொண்டு வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கும்பல்களைப் போலீசார் பிடிக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. அந்தச் சந்தேகத்தின் நிழல்கூட நம் கதவில் விழக் கூடாது என்று மறுத்தேன். அந்த மறுப்பில் இன்றும் நிற்கிறேன்.

இனி, கூட்டத்தில் பேசப்பட்ட குறைகளுக்கு வருகிறேன். தீர்மானத்தில் எழுதாவிட்டாலும் உண்மையான காரணங்கள் அவைதான் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

முதல் குறை, சென்ற மாதம் வந்த 9,460 ரூபாய் தொலைபேசி பில். ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை நம் எண்ணிலிருந்து நமக்குத் தெரியாத வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் போயிருக்கின்றன. திருட்டு நடந்தது உண்மை. ஆனால் எப்படி நடந்தது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வீட்டிலிருந்தும் பட்டறை எண்ணில் பேச வேண்டும் என்று குழு விரும்பியது. அதற்காக அமைப்பை வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டேன். கடவுச்சொல் நீளமாக இருந்தால் நினைவில் நிற்காது என்றீர்கள். பட்டறைக்குள் 105 என்ற உள் எண்ணுக்கு 105 என்றே கடவுச்சொல் வைத்துக் கொடுத்தேன். ஐ.எஸ்.டி.யையும் கேட்டீர்கள், திறந்தேன். இணையத் தொலைபேசிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 என்ற வாசலை இணையத்தில் திறந்து வைத்திருக்கும் கருவிகளைத் தேடித் தட்டிப் பார்ப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அலைகின்றன. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். உள் எண்களை 100, 101, 102 என்று ஊகித்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்து 105-ல் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அவர்கள் அழைத்தவை பேசுவதற்கான எண்கள் இல்லை. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறும் எண்கள்; அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு திருடனுக்குப் போகும். உலகம் முழுக்க நடக்கும் பழைய திருட்டு இது.

வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை, அது என் தவறு. 9,460 ரூபாயில் பாதியை நான் கட்டுகிறேன் என்று பொருளாளரிடம் அன்றே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. வெளி வாசல் மூடியிருக்கிறது. வீட்டிலிருந்து பேசுபவர்கள் இனி வயர்கார்டு என்ற மறைகுறியாக்கப்பட்ட பாதை வழியாகத்தான் உள்ளே வர முடியும். கடவுச்சொற்களை இயந்திரமே உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் 24 எழுத்து. ஐ.எஸ்.டி. முழுதும் அடைக்கப்பட்டது. முன்பணம் தீர்ந்தால் வெளி அழைப்புகள் நின்றுவிடும் வகையில் சேவையை மாற்றிக்கொண்டோம். இனி யார் நுழைந்தாலும் இழப்பு 500 ரூபாயைத் தாண்டாது. தாழ்ப்பாள் இல்லாமல் களவு போன வீட்டில் தாழ்ப்பாள் போட்ட பிறகு, கதவையே பெயர்த்து எடுக்கச் சொல்கிறீர்கள்.

இரண்டாவது குறை, குரல் உடைகிறது என்பது. மார்கழிவரை உடைந்தது. இணைய வேகம் போதவில்லை என்று நினைத்து மாதம் 300 ரூபாய் கூடுதலான திட்டத்துக்கு மாற்றினீர்கள், அப்போதும் உடைந்தது. உடையத்தான் செய்யும். ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு திசையில் நொடிக்கு நூறு கிலோபிட்கூடத் தேவையில்லை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் நம் இணைப்பின் ஒரு மூலையில் அடங்கிவிடும். சிக்கல் அளவில் இல்லை, வரிசையில் இருந்தது. குரல் ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்கு ஒரு பொட்டலமாகப் போகிறது. நம் கண்காணிப்புக் கேமராக்கள் நான்கும் ஓயாமல் படத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தன. குரல் பொட்டலம் அந்த வரிசைக்குப் பின்னால் நின்று தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், கேட்பவருக்கு வார்த்தை துண்டாகும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தேன், கேமராக்களின் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன். தை பிறந்ததிலிருந்து ஒரு புகாரும் இல்லை. அந்த 300 ரூபாயைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

“நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை” என்று தையல் பகுதி அக்காமார் சொன்னது வேறு நோய். உறைக்கு மேல் அனுப்புநர் முகவரியாக “மூன்றாவது மேசை” என்று மட்டும் எழுதி அனுப்பினால் பதில் எப்படி வரும்? பட்டறைக்குள் மட்டும் செல்லும் முகவரியை நம் தொலைபேசி வெளியுலகுக்கு எழுதி அனுப்பியது. அதைத் திருத்துகிறேன் என்று ரவுட்டருக்குள் இருந்த ஒரு வசதி இன்னும் குழப்பியது. அந்த வசதியை அணைத்து, நம் வெளி முகவரியை எழுத வைத்ததும் தீர்ந்தது. இரண்டு வாரம் இரவு பகலாகத் தேடிக் கண்டுபிடித்த விடை அது. இங்கே எழுதிவைத்தால் இன்னொரு பட்டறைக்காவது உதவும்.

மூன்றாவது குறை நியாயமானது. மின்சாரம் போனால் தொலைபேசியும் போகிறது. பழைய தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் அந்தச் செப்புக்கம்பியில் வந்துகொண்டிருக்கும். ஊரே இருட்டாக இருந்தாலும் எடுத்தால் டயல் டோன் கேட்கும். இணைப்பகத்தின் மின்கல அறையில் வரிசையாக நிற்கும் மின்கலங்களுக்கு வாரந்தோறும் நீர் ஊற்றிய கை இது. இணையத் தொலைபேசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இழைக்கேபிள் முனைப்பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், பலகை என்று சங்கிலியில் உள்ள அனைத்துக்கும் நாமே மின்சாரம் தர வேண்டும். அத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கின்றன. 42 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் மின்கலம் ஒன்றும் சிறு இன்வெர்ட்டரும் இருந்தால் ஐந்து மணி நேரம் தாங்கும். இதைக் கேட்டு நான் எழுதிய விண்ணப்பங்கள் இரண்டு குழுவின் கோப்பில் இருக்கின்றன. இரண்டு முறையும் “அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்று குறிப்பு எழுதினீர்கள். மின்கலம் வாங்கித் தராமல், மின்வெட்டில் வேலை செய்யவில்லை என்று கழற்றச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

இப்போது, கூட்டத்தில் யாரும் பேசாத ஒன்று. தையல் பகுதிக்கு மாலை வேளைகளில் வரும் பெண்கள் பதினேழு பேர். துணி வாங்கும் கடை, ஜாப் ஒர்க் கொடுக்கும் நிறுவனம், பட்டன் மொத்த வியாபாரி என்று தினமும் முன்பின் தெரியாத பலருடன் அவர்கள் பேச வேண்டியிருக்கிறது. பட்டறைத் தொலைபேசியிலிருந்து பேசும்போது எதிர்முனையில் தெரிவது பட்டறையின் எண். திருப்பிக் கூப்பிட்டாலும் பட்டறையில்தான் மணி அடிக்கும். வேளை கடந்து அடித்தால் குரல் பதிவுக்குப் போகும். அவர்களுடைய சொந்த எண் யாருக்கும் போவதில்லை. இந்த அமைப்பு வருவதற்கு முன் சொந்தக் கைபேசியிலிருந்து பேசிய ஒரு தங்கைக்கு, ஒரு கடைக்காரரிடமிருந்து இரவு பதினொரு மணிக்குச் செய்தி வரத் தொடங்கியது. அவர் எண்ணை மாற்றினார். பிறகு பட்டறைக்கு வருவதையே நிறுத்தினார். வாட்ஸ்அப் குழு தொடங்கினால், பதினேழு பெண்களின் எண்களும் குழுவில் உள்ள எல்லோர் கைக்கும் ஒரே நாளில் போய்விடும். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் பெண் இல்லை. அவர்களிடம் கேட்டீர்களா?

வாசல் கதவில் எழுதப்போகும் செயலாளரின் எண்ணும் அப்படித்தான். அவர் நல்ல மனிதர், யார் கூப்பிட்டாலும் எடுப்பவர். ஆனால் அவருக்கு வேலை திருப்பூரில். அவர் பஸ்ஸில் இருக்கும்போது கதவுக்கு வெளியே இரும்புக் கம்பி ஏற்றி வந்த லாரிக்காரர் அழைத்தால், உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பொறுப்பு அடுத்த ஆண்டு வேறொருவருக்குப் போனால் கதவை மறுபடி பெயின்ட் அடிப்பீர்களா? இப்போது வாசலில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் ஆறு இடங்களிலும் ஒன்றாக மணி அடிக்கிறது. யார் அருகில் இருக்கிறாரோ அவர் எடுக்கிறார்.

லேத் பகுதியில் காலை நேரத்தில் வேலை செய்யும் பெரியவரை எல்லோருக்கும் தெரியும். பஞ்சாலையில் தறி ஓசைக்கு நடுவே முப்பத்தைந்து ஆண்டு நின்று காது மந்தமாகிப்போனவர். கைபேசி மணி அவருக்குக் கேட்காது. அவருடைய லேத்துக்கு மேலே, தொலைபேசி அடிக்கும்போது மின்னும் மஞ்சள் விளக்கு ஒன்றை இணைத்திருக்கிறேன். விளக்கு மின்னியதும் அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுக்கிறார். கருவியில் குரலைக் கூட்டி வைத்திருப்பதால் அவருக்குக் கேட்கிறது. சென்ற வாரம் உங்கள் தீர்மானத்தைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, “விளக்கையும் எடுத்துவிடுவார்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த அமைப்பின் சாவிகள் எல்லாம் என் ஒருவனிடம் இருந்தன. கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக நான் எட்டு நாள் வராதபோது ஸ்விட்ச் பழுதாகி, சரிசெய்யத் தெரிந்தவர் யாரும் இல்லாமல் தொலைபேசிகள் ஊமையாகக் கிடந்தன. பொதுப் பட்டறையில் ஒரு தனி ஆளை நம்பிய அமைப்பு இருக்கக் கூடாது என்று நீங்கள் அன்று கோபப்பட்டீர்கள். சரியான கோபம். அதன் பிறகு எல்லாவற்றையும் தமிழில் எழுதி நாற்பது பக்கக் கையேடாக்கி, மாடிப்படிக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன். 108 அழைத்த அந்தப் பயிற்சிப் பெண் உட்பட மூன்று இளைஞர்கள் சனிக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். சென்ற மாதம் பழுதான ஒரு தொலைபேசியை அவர்களே மாற்றி, புதிய எண் கொடுத்து, சோதித்து முடித்த பிறகுதான் எனக்குத் தகவலே வந்தது. லேத் பிடிக்கக் கற்றுத்தருவதைப் போல இதையும் கற்றுத்தரும் இடம் நம் பட்டறை என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை.

கழற்றும் வேலையை உடனே நிறுத்திவைத்து, இதைப் பொதுக்குழுவின் முன் வையுங்கள். தையல் பகுதிப் பெண்களும் லேத் பகுதிப் பெரியவரும் பேசிய பிறகு வாக்கெடுப்பு நடக்கட்டும். அதில் தோற்றால் திருப்புளியை எடுத்து நானே கழற்றித் தருகிறேன்.

எந்த முடிவானாலும் வெளி எண்ணை மட்டும் ஒப்படைக்க அவசரப்படாதீர்கள். வாசல் கதவிலும் ரசீதுகளிலும் கடைக்காரர்களின் நோட்டுகளிலும் நான்கு ஆண்டாக ஏறியிருக்கும் எண் அது. ஒருமுறை கையை விட்டுப் போனால் வேறொருவருக்குப் போய்விடும்; திரும்பக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மின்கலத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் இந்தக் காலாண்டிலேயே பணம் ஒதுக்குங்கள். மாதம் 300 ரூபாய் கூடுதல் இணையத் திட்டத்தைப் பழையபடி குறைத்தால் அதில் பெரும்பகுதி காலப்போக்கில் வந்துவிடும்.

நிர்வாகக் கடவுச்சொற்களை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பொருளாளரிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்ட ரசீது தாருங்கள். என்னோடு கற்கும் மூவரையும் தொலைபேசிப் பராமரிப்புக்குப் பொறுப்பாளர்களாக அறிவியுங்கள். வெளி எண்ணின் கணக்கை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலையையும் அவர்களுக்கே கொடுங்கள்.

எந்த உறுப்பினரின் சொந்தக் கைபேசி எண்ணையும் வாசலில் எழுத வேண்டாம். வாட்ஸ்அப் குழு தேவை என்றால், விரும்புகிறவர்கள் மட்டும் சேரட்டும். சேராதவருக்கு எந்த அறிவிப்பும் விட்டுப்போகாதபடி பலகையிலும் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு தொலைபேசிக்கும் பக்கத்தில் 108, 112, 101 என்ற எண்களையும் நம் முகவரியையும் பெரிய எழுத்தில் தகரப் பலகையில் எழுதி, அட்டைக்குப் பதிலாக ஆணி அடித்து மாட்ட அனுமதி தாருங்கள். தகடு என்னிடம் இருக்கிறது. பெயின்ட் மட்டும் பட்டறைக் கணக்கில் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மரவேலைப் பகுதி உறுப்பினர் ஒருவர்,
கோயம்புத்தூர்